கிளினிக் நாளில் போடாத குளிசை

போன மாதம் நஸ்ரின் கோல் எடுத்தாள். கிண்ணியா ஊர்ப் பிள்ளை. நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் இருதயக் கிளினிக்கைப் பொறுப்பெடுத்து நடத்துகிற டொக்டர். என்னிடம் ஏச்சு வாங்கி வளர்ந்தவள் என்பதால் இன்னும் கொஞ்சம் பயம் மிச்சமிருக்கிறது.

"மேடம், கிளினிக்குக்குப் புது மெஷின் வந்திருக்கு. வாசல்லயே வைக்கப்போறம். ஆக்கள் கையை உள்ள விட்டாச் சரி, பிரஷர் கடதாசித் துண்டில அடிச்சு வந்திடும். நீங்கதான் வந்து தொடக்கி வைக்கவேணும்."

"நாடா வெட்டவோ?"

"ஓம் மேடம். அப்பிடியே எங்கட சின்ன டொக்டர்மாரோடயும் கொஞ்சம் கதையுங்க. நீங்க ஆராய்ச்சி செய்த காலத்தைப் பற்றி."

நாடா வெட்ட வேறு ஆளைப் பார் என்றேன். கதைப்பதென்றால் வருகிறேன் என்றேன். போனேன், கதைத்தேன். ஆனால் சாப்பாட்டுப் பார்சல் வந்து இறங்கியதும் சின்ன டொக்டர்மாரின் கண்ணெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. எனக்கும் பாவமாக இருந்தது, நடுவிலேயே முடித்துவிட்டேன். அங்கே முழுதாகச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். வாசிக்கிறவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்தால் நல்லது.

இருதய நோயை ஏன் எடுத்தீர்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். அப்பா மாரடைப்பில் போயிருப்பார், அந்தத் துக்கத்தில் படித்திருப்பேன் என்று அவர்களே ஒரு கதையையும் கட்டிக்கொண்டு வருவார்கள். என் அப்பா துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து, பென்சன் எடுத்து, கப்பல்துறையில் ஒரு துண்டுக் காணி வாங்கி, எண்பது தாண்டியும் ஆட்டிறைச்சிக் கறியை எலும்போடு கடித்த மனிதர். நான் யாழ்ப்பாணத்தில் மருத்துவம் படித்தேன். ஷெல் விழுந்த நாட்களில் பதுங்கு குழிக்குள் இருந்து நரம்புகளின் பெயர்களைப் பாடமாக்கினோம். பிறகு பயிற்சி, பிறகு ஊர் ஊராக மாற்றம், கடைசியில் சொந்த ஊரான திருகோணமலைக்கே வந்து சேர்ந்தேன். வந்த அன்று டொக்டர் இல்லாமல் கிடந்தது பிரஷரும் இருதயமும் பார்க்கிற கிளினிக் ஒன்றுதான். அதற்கு ஒருவரும் விரும்பி வருவதில்லை. விடியப்புறமே சனம் வந்து இருக்கிற நீள வாங்குகளை நிரப்பிவிடும், மத்தியானம் வரைக்கும் தலை நிமிர ஏலாது. மற்றவர்கள் ஓடித் தப்பிய இடத்தில் நான் மாட்டிக்கொண்டேன். என் ஆராய்ச்சி வாழ்க்கை தொடங்கிய பெருமை இவ்வளவுதான்.

சண்டை முடிந்த பிறகு எங்களுக்கு ஒரு பெரிய டொக்டர் வந்தார். மலைநாட்டுச் சிங்களவர், இருதய நிபுணர். நாங்கள் எல்லோரும் அவரை சேர் என்றுதான் கூப்பிட்டோம், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். மெலிந்த ஆள். வெள்ளைச் சேர்ட்டின் கையை முழங்கை வரை மடித்து விட்டிருப்பார். தமிழைப் புத்தகத்தில் படித்தவர், ஆகையால் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே பேசுவார். "தயவுசெய்து தங்கள் பாதங்களைத் தரையில் வையுங்கள்" என்பார். மூதூரிலிருந்து வந்த ஒரு கிழவி அதைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "இந்த மனிசன் ஏன், மகள், ரேடியோவில செய்தி வாசிக்கிற மாதிரிக் கதைக்கிறார்?" என்று கேட்டாள். அது அவருக்கும் விளங்கிவிட்டது. அன்று முழுக்கச் சிரித்துச் சிரித்து வேலை செய்தார். ஆனால் பேச்சை மாற்றவில்லை.

அவர் வந்து முதலில் கை வைத்தது நாங்கள் பிரஷர் பார்க்கும் முறையில். அதுவரை எங்கள் முறை என்னவென்றால், ஆள் கதவால் உள்ளே வருவார், முக்காலியில் அரைவாசி இருப்பார், சட்டைக்கு மேலாகவே பட்டியைச் சுற்றுவோம். அவர் மகளின் கலியாணக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நாங்கள் காற்றடித்து இறக்கி எழுதி முடித்துவிடுவோம். சேர் முக்காலிகளைத் தூக்கி வெளியே வைத்தார். முதுகு சாயக் கூடிய கதிரைகள் வந்தன. வந்தவர் முதலில் சிறுநீர் கழித்துவிட்டு வரவேண்டும். தேத்தண்ணி, வெற்றிலை, பீடி ஒன்றும் அதற்குச் சற்று முன் கூடாது. கதிரையில் சாய்ந்து, காலுக்கு மேல் கால் போடாமல், கையை மேசையில் நெஞ்சு உயரத்துக்கு நீட்டி, கதைக்காமல் இருக்கவேண்டும். அப்படி அமைதியாக இருந்த பிறகுதான் வெறும் கையில் பட்டியைச் சுற்றுவோம். ஒரு விரலை மணிக்கட்டில் வைத்துக்கொண்டு காற்றடித்து, நாடி எந்த இடத்தில் காணாமல் போகிறது என்று முதலில் பார்க்கவேண்டும். பிறகுதான் காதில் குழாயை மாட்டிக்கொண்டு, கருவியின் இரசத்தை, அதாவது பாதரசத்தை, மெல்ல மெல்ல இறக்கவேண்டும். இருந்தபடி இரண்டு தரம். எழுப்பி நிறுத்தி இன்னொரு தரம்.

அந்த மௌனம் எங்கள் சனத்துக்குப் பெரிய தண்டனை. சேர் அந்த நேரத்தில் யன்னலால் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மாவு ஆலைக்குக் கப்பல் வந்திருந்தால் அதைப் பார்ப்பார், கப்பல் இல்லாவிட்டால் தண்ணீரைப் பார்ப்பார். அவர் பார்ப்பதைப் பார்த்து நோயாளிகளும் பார்ப்பார்கள். கதை நின்றுவிடும்.

முதல் மாத முடிவில் நாங்கள் எழுதியவற்றை எடுத்துப் பார்த்தார். நூற்று நாற்பது, நூற்று அறுபது, நூற்று எண்பது. எல்லாம் பூச்சியத்தில் முடிந்தன. "இந்த மாவட்டத்து மக்களின் இரத்தம் பூச்சியத்தில் மட்டும்தான் நிற்குமா?" என்று கேட்டார். முகத்தில் கோபம் இல்லை, உண்மையாகவே அறிய விரும்புகிறவர் போலத்தான் கேட்டார். "கண் கண்டதை எழுதுங்கள். கை விரும்புவதை எழுத வேண்டாம்" என்றார். அந்த மாத எண்களை எல்லாம் தள்ளிவிட்டு, புதிதாகத் தொடங்கினோம்.

அப்போது எங்கள் முன்னால் இருந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான். ஒழுங்காக மருந்துக் குளிசை கொடுத்தும் எங்கள் கரையோரச் சனத்துக்கு ஏன் பிரஷர் இறங்குவதில்லை? நல்ல திடமான ஆண்கள், வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளை வைத்துக்கொண்டு, நெஞ்சைப் பிடித்தபடி வந்து விழுந்தார்கள். சிலர் வரும் வழியிலேயே போனார்கள். அதைத் தடுக்க வழி கண்டுபிடிக்கத்தான் ஆராய்ச்சி. சேருக்குச் சந்தேகம் உப்பின் மேல். கருவாடு, ஊறுகாய், சொதிக்கு அள்ளிப் போடுகிற உப்பு. இரண்டு வருஷம் கிளினிக்குக்கு வந்தவர்களை மாதாமாதம் அளந்தோம், என்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்தோம். குளிசையைக் கூட்டக் கூட்டப் பிரஷர் இறங்காமல் நின்றது. உப்பு மருந்தைத் தோற்கடிக்கிறது என்று சேர் ஒரு கட்டுரை எழுதினார். கொழும்பில் ஒரு பெரிய மாநாட்டில் வாசிக்க ஏற்பாடும் ஆகிவிட்டது.

செல்லத்துரை அண்ணை அந்த ஆராய்ச்சிக்குள் வந்தவர்களில் ஒருவர். நிலாவெளியில் கரைவலை இழுக்கிறவர். தோணியில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்ட பெரிய வலையை, இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று கயிற்றால் கரைக்கு இழுக்கிற தொழில் அது. சண்டைக் காலத்தில் கடலுக்குத் தடை. வருஷக்கணக்காகக் கடலைப் பார்த்துக்கொண்டு மண் சுமந்தும் விறகு கொத்தியும் பிழைத்தவர், தடை எடுபட்டதும் முதல் ஆளாகப் போய்க் கயிற்றைப் பிடித்தாராம். இதை அவரே எனக்கு மூன்று நான்கு தரம் சொல்லியிருக்கிறார். சொல்லும்போதெல்லாம் உள்ளங்கையை விரித்துக் காட்டுவார்.

கிளினிக்குக்குக் கோயிலுக்கு வருகிற மாதிரித்தான் வருவார். தோய்த்த சேர்ட், எண்ணெய் வைத்து வாரிய தலை, நெற்றியில் திருநீறு. கதிரையில் சாய்ந்து, கால் இரண்டையும் தரையில் ஊன்றி, மூச்சுக் காட்டாமல் இருப்பார். சேருக்கு அவரை நன்றாகப் பிடிக்கும். ஆனால் இரசம் இருநூறுக்குக் கிட்டத்தான் போய் நிற்கும்.

"அண்ணை, குளிசை போடுறீங்களோ?"

"போடுறனான் டொக்டரம்மா."

"ஒழுங்காவோ?"

"கோணேசர் அறிய, ஒரு நேரம் பிசகாமல் போடுறனான்."

எனக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு சிவக்கும் என்று என் பிள்ளைகள் சொல்வார்கள். செல்லத்துரை அண்ணைக்கு என் மூக்கு நன்றாகத் தெரியும். "குளிசையைக் கோழிக்குப் போடுறீங்களோ, உங்கட வாய்க்குள்ள போடுறீங்களோ?" என்று ஒருநாள் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் போன பிறகு சேர், "அவர் பொய் சொல்லும் மனிதர் அல்லர்" என்றார். "பின்னை ஏன் சேர் இறங்குதில்லை?" என்று கேட்டேன். "அதுதான் நமக்குத் தெரியவில்லை" என்றார். குளிசை இன்னும் ஒன்று கூடியது.

ஒருநாள், கிளினிக் இல்லாத நாள், அவருடைய மனைவி பூமணி தனியாக வந்து கதவடியில் நின்றார். பஸ்ஸில் வந்த களை முகத்தில் இருந்தது.

"டொக்டரம்மா, இவர் ரெண்டுதரம் விழுந்திட்டார். கயிறு பிடிச்சு நிக்கேக்க கண்ணை இருட்டிக்கொண்டு வந்து அலைக்குள்ளயே விழுந்தவர். மற்றவை இழுத்து எடுத்தவை. இல்லாட்டி எனக்கு இண்டைக்கு ஆளில்லை."

"எப்ப தொடங்கினது?"

"அந்தக் கடைசிக் குளிசை குடுத்தாப் பிறகு. சம்மாட்டி இனி வலைக்கு வரவேண்டாம் எண்டிட்டார். இவர் வீட்டில இருந்து குளிசைப் பையைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறார். தொழிலும் போட்டுது, இனி இந்தச் சனியனும் வேண்டாம், எல்லாத்தையும் கடலில கொட்டப்போறன் எண்டு நிக்கிறார். நான் ஒளிச்சு வைச்சிருக்கிறன்."

சம்மாட்டி என்றால் வலைக்குச் சொந்தக்காரர். அவர் சொன்னால் சொன்னதுதான், வேறு வலையிலும் ஏற்கமாட்டார்கள். எனக்கோ வேறு பயம். இருநூறுக்குக் கிட்ட நிற்கிற பிரஷரோடு ஒருவர் குளிசை எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினால், அடுத்த கிழமை கையும் காலும் ஒரு பக்கம் விழுந்து, பேச்சும் இழுத்துக்கொண்டு வந்து கட்டிலில் கிடப்பார். கண் இருட்டி விழுவது பிரஷர் இறங்கினால் வருவது. எங்கள் கதிரையில் அது ஒரு நாளும் இறங்கவில்லை. இரண்டும் எப்படி ஒரே ஆளுக்கு வரும்? குளிசையைத் தொடரச் சொன்னால் அலைக்குள் சாகலாம், நிறுத்தச் சொன்னால் வீட்டில் சாகலாம். பூமணி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் என்ன சொல்வது?

சேரிடம் ஓடினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு யன்னலால் பார்த்தார். "நாம் அவரை நமது கதிரையில் மட்டும்தான் பார்த்திருக்கிறோம். அவருடைய இடத்திற்குச் சென்று பாருங்கள். இன்றே செல்லுங்கள்" என்றார்.

பிரஷர் கருவிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பூமணியோடு நிலாவெளி பஸ்ஸில் ஏறினேன். ரோட்டில் பள்ளம் வரும்போதெல்லாம் இரசம் சிந்திவிடுமோ என்று பெட்டியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தேன். பக்கத்தில் இருந்த ஒருவர், குழந்தைக்கு என்ன வயது என்று பகிடி விட்டார். வேறு நாளென்றால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன்.

செல்லத்துரை அண்ணை கரையில் ஒரு பழைய தோணியின் நிழலில் இருந்து அறுந்த வலைக் கண்ணிகளைப் பொத்திக்கொண்டிருந்தார். கொஞ்சத் தூரத்தில் மற்றவர்கள் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய சத்தம் வரும்போது இவர் நிமிரவில்லை. என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார், தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பூமணி வீட்டிலிருந்து கதிரை கொண்டுவந்து போட்டார். சாயவைத்து, கால்களைத் தரையில் ஊன்றவைத்து, கதைக்காமல் இருக்கச் சொல்லி, எல்லாம் சேர் சொன்ன முறைப்படியே செய்தேன்.

அவருடைய இருநூறை நினைத்துக்கொண்டு உயர அடித்து இறக்கினேன், நூற்றெழுபது, நூற்றைம்பது என்று இரசம் இறங்கிக்கொண்டே போனது. காதில் சத்தம் இல்லை. நூறைத் தாண்டுகிற இடத்தில்தான் டக் என்று முதல் சத்தம் கேட்டது. நான் நம்பவில்லை. திரும்பவும் அடித்தேன், அதேதான். எழும்பி நிற்கச் சொன்னேன். இன்னும் கீழே போனது, அவர் கண்ணை மூடிக்கொண்டு என் தோளைப் பிடித்தார். பஸ்ஸில் கருவி பழுதாகிவிட்டது என்று நினைத்துப் பூமணியை இருத்திப் பார்த்தேன். அவருக்கு எப்போதும் இருக்கிற அளவு. கருவியில் பிழை இல்லை.

"அண்ணை, இண்டைக்குக் குளிசை போட்டீங்களோ?"

"போட்டனான். இவள் ஒளிச்சு வைச்சாலும் நேரத்துக்குக் கொண்டுவந்து தந்திடுவாள். ஏச்சும் தருவாள்."

"நேற்று?"

"போட்டனான்."

"பின்னை கிளினிக் நாளில ஏன் இருநூறு காட்டுது?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இதுகூட இந்த டொக்டருக்குத் தெரியாதோ என்கிற பார்வை.

"கிளினிக் நாளில போட்டுக்கொண்டு வாறதோ டொக்டரம்மா? முதல் நாளே நிப்பாட்டிப் போடுவன். அண்டைக்குக் காலமையும் தொடமாட்டன்."

"ஏன்?"

"போட்டுக்கொண்டு வந்தா வருத்தம் உள்ளுக்கு ஒளிச்சிடுமெல்லோ. நீங்கள் பார்க்கேக்க நல்ல பிரஷர் காட்டும். அது உங்களுக்குப் பொய் காட்டின மாதிரி. சேர் அவ்வளவு கவனமா, கதைக்கவும் விடாமல் பார்க்கிறார். அந்த மனிசனுக்குப் பொய் காட்ட ஏலுமோ? உள்ளதை உள்ளபடி காட்டவேணும் எண்டுதான் நிப்பாட்டுறனான்."

பூமணி பக்கத்திலிருந்து, "எல்லாரும் அப்பிடித்தான் டொக்டரம்மா. திரியாயிலயிருந்து வாற என்ர மச்சாள் ரெண்டு நாளைக்கு முந்தியே நிப்பாட்டிடுவாள். வாங்கில இருக்கேக்க இதுதான் கதை, ஆர் எத்தினை நாளைக்கு முந்தி நிப்பாட்டினது எண்டு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வாக்கிலேயே கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் ஏலவில்லை. பொய் சொல்கிறார் என்று நான் மாதாமாதம் மூக்கு சிவந்த மனிதர், எங்களுக்குப் பொய் காட்டிவிடக் கூடாது என்றல்லவா இந்தக் கோலத்துக்கு வந்திருக்கிறார். அவர் குளிசையை விட்ட நாளில் அளந்து நாங்கள் குளிசையைக் கூட்ட, கூட்டியதை எல்லாம் போட்ட நாட்களில் அவர் அலைக்குள் விழுந்திருக்கிறார். கிளினிக்கில் காலைச் சாப்பாடு சாப்பிட்டீர்களா என்று கேட்போம், பீடி குடித்தீர்களா என்று கேட்போம், காலைக் குளிசை போட்டீர்களா என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. குளிசை போடுகிறீர்களா என்றால் அவர்களும் ஓம் என்பார்கள். அது உண்மைதானே.

அடுத்த கிளினிக் அன்று சேர் வாங்குகளுக்கு முன்னால் போய் நின்றார். "இன்று காலை மாத்திரை உட்கொண்டவர்கள் தயவுசெய்து கையை உயர்த்துங்கள்" என்றார். கை என்று சொல்ல அங்கொன்று இங்கொன்று. அவையும் தயங்கித் தயங்கித்தான் எழும்பின. ஒரு முஸ்லிம் பெரியவர் எழும்பி நின்று, "மறந்துபோய்ப் போட்டிட்டன் சேர், இந்த ஒருதரம் மன்னிக்கவேணும்" என்றார்.

சேர் உள்ளே வந்து கதிரையில் இருந்தார். மேசை லாச்சியைத் திறந்து, மாநாட்டுக்கு எழுதிய கட்டுரையை எடுத்து மேசையில் வைத்தார்.

"இதில் உள்ள ஒவ்வோர் எண்ணும் சரியாக அளக்கப்பட்டது. ஆனால் தவறான நாளில் அளக்கப்பட்டது" என்றார்.

இரண்டு வருஷ உழைப்பு. எனக்கு அவரைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "உப்பும் ஒரு காரணம்தானே சேர், அதை மட்டும் வைச்சுச் சொல்லலாமே" என்றேன்.

"இருக்கலாம். ஆனால் நமக்கு இன்னும் தெரியாது" என்று கட்டுரையைத் திரும்ப லாச்சிக்குள் வைத்தார். மாநாட்டுக்குப் போகவில்லை. அன்று பின்னேரம் வரை ஆளாளாகக் கூப்பிட்டு, யாருக்குத் தேவையில்லாமல் கூட்டியிருக்கிறோம் என்று பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கத் தொடங்கினார்.

செல்லத்துரை அண்ணைக்கு ஒரேயடியாக நிறுத்தாமல் படிப்படியாகக் குறைத்தோம். அவரைக் குளிசை போட்டுக்கொண்டு கிளினிக்குக்கு வரவைப்பதுதான் பெரிய பாடு. அது களவு மாதிரி இருக்கிறது என்றார். சேர் அவருக்கு முன்னால் இன்னொரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார்.

"உங்களிடம் நோய் இருப்பது எங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாதது எங்கள் மருந்தைப் பற்றி. அது சரியாக வேலை செய்கிறதா என்பதை நீங்கள் மட்டுமே காட்ட முடியும்."

செல்லத்துரை அண்ணை உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். "அப்ப வலையைக் கடலில போடாமல் மடிச்சு வைச்சிட்டு, மீன் படேல்லை எண்டு உங்களுக்குக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறன்" என்றார். சேருக்கு அது விளங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. விளங்கியதும் மேசையில் தட்டிச் சிரித்தார்.

இரண்டு மூன்று மாதத்தில் பிரஷர் நல்ல இடத்துக்கு வந்து நின்றது. தலைச் சுற்றல் இல்லை. ஆனால் சம்மாட்டி அசையவில்லை. "டொக்டர்மார் சொல்லிப்போட்டுப் போயிடுவினம். இவன் கடலில போனா நான்தானே பெஞ்சாதிக்குப் பதில் சொல்லவேணும்" என்றாராம். அவர் சொன்னதிலும் பிழை இல்லை. செல்லத்துரை அண்ணை கிளினிக்கில் எல்லாம் சரி என்று கேட்டுவிட்டுச் சிரிக்காமலே எழும்பிப் போனார். குளிசை அவர் உயிரைக் காப்பாற்றியிருந்தது. கயிற்றைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேர் என்னையும் ஏற்றிக்கொண்டு நிலாவெளிக்குக் கார் விட்டார். சம்மாட்டி கரையில் பிளாஸ்ரிக் கதிரையில் குடை பிடித்துக்கொண்டு இருந்தார். பெரிய உடம்பு, வாய் நிறைய வெற்றிலை. சேர் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி மணலில் நடந்து போய், "ஐயா, இவர் இன்று ஒரு முறை வலை இழுக்கட்டும். நான் அருகிலேயே நிற்கிறேன்" என்றார்.

சம்மாட்டி துப்பிவிட்டு, "விழுந்தா?" என்றார்.

"விழுந்தால் நானே இனி இவரை அனுப்பமாட்டேன்."

"அப்ப சரி. ஒரு வலை. விழுந்தா இந்தக் கதையை ஒருத்தரும் பிறகு எடுக்கக் கூடாது."

செல்லத்துரை அண்ணையை இருத்தியும் நிறுத்தியும் பார்த்தோம். நன்றாக இருந்தது. அவர் சேர்ட்டைக் கழற்றிப் பூமணியிடம் கொடுத்துவிட்டுப் போய்க் கயிற்றைப் பிடித்தார். சேர் காற்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு அவருக்குப் பின்னால் போய் நின்றார். பின்னால் நின்றவர்கள், "சேர், சும்மா நிக்கிறதுக்கு மீன் பங்கு இல்லை" என்று பகிடி பண்ண, அவரும் கயிற்றில் கை வைத்தார்.

கரைவலை இழுக்கிறது கெதியில் முடிகிற வேலை இல்லை. வெயில் ஏறிக்கொண்டு போனது. இழுவைப் பாட்டுக்கு ஒரு அடி பின்னுக்கு, ஒரு மூச்சு, இன்னொரு அடி பின்னுக்கு. எல்லோரும் கடலைப் பார்த்தார்கள், நான் செல்லத்துரை அண்ணையின் முழங்காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பூமணி என் கையைப் பிடித்திருந்தார், அவருடைய நகம் என் தோலில் பதிந்திருந்தது. வலை கரைக்குக் கிட்ட வர, முன்னுக்கு இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நின்ற இடத்தில், செல்லத்துரை அண்ணை திடீரென்று கயிற்றை விட்டுக் குனிந்தார். அலை ஒன்று வந்து முதுகை மூடியது. பாட்டு நின்றது. சம்மாட்டி கதிரையிலிருந்து எழும்பினார். சேர் கயிற்றை விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் பாய்ந்தார்.

அலை போனதும் செல்லத்துரை அண்ணை நிமிர்ந்தார். இடுப்பில் அவிழ்ந்துபோன சாரத்தை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, நெஞ்சு வரை நனைந்து நின்ற சேரைப் பார்த்து, "என்ன சேர், நீங்களும் விழுந்திட்டீங்களோ?" என்றார்.

"இந்த மனிசன் என்னைத்தான் கொல்லப்போகுது" என்று பூமணி மணலில் இருந்துவிட்டார்.

வலை ஏறியது. சூடை மீன், பெரிதாகப் பட்டது என்று இல்லை. செல்லத்துரை அண்ணையைத் தோணி விளிம்பில் இருத்தி, ஆறவிட்டு, சேர் பட்டியைச் சுற்றினார். இரசக் குழாயைத் தன் பக்கம் வைக்காமல் சம்மாட்டிக்குத் தெரியத் திருப்பி வைத்தார். நிறுத்தியும் பார்த்தார். சம்மாட்டி குடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, குனிந்து, இரசம் இறங்குவதை மீன் தராசு பார்க்கிற மாதிரிப் பார்த்தார். பிறகு செல்லத்துரை அண்ணையிடம், "நாளைக்கு விடிய வா" என்றார்.

சேர் பிறகு மாற்றலாகிப் போனார். போகுமுன், வீடு வீடாகப் போய் அளந்த எண்களை வைத்துப் புதிதாக ஒரு கட்டுரை எழுதினோம். சின்னக் கட்டுரை. பெரிய பேர் ஒன்றும் வரவில்லை. ஆனால் அதன் பிறகு எங்கள் கிளினிக்கில் கேட்கிற முதல் கேள்வி, காலமை குளிசை போட்டீங்களோ என்பதுதான். செல்லத்துரை அண்ணை அந்தக் கேள்வி வரும் வரைக்கும் பொறுக்கமாட்டார். கதவால் வரும்போதே, "போட்டுக்கொண்டுதான் வந்தனான்" என்று சொல்லிக்கொண்டே வருவார். வணக்கம் சொல்கிற மாதிரி.

போன மாதம் நஸ்ரினின் மெஷினைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் நல்ல மெஷின்தான். கையை உள்ளே விட்டால் அதுவே இறுக்கிப் பிடித்து, அளந்து, துண்டைத் தருகிறது. "பாருங்க மேடம், பூச்சியத்தில முடியிறதெல்லாம் இனி இல்லை" என்று நஸ்ரின் பெருமையாகக் காட்டினாள். சேர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்றேன். நாடாவை வேறு யாரோ வெட்டினார்கள். அன்று கிளினிக் நாள் என்பதால் சனம் வாசலில் வரிசைக்கு வந்துவிட்டது.

வரிசையில் நடுவில் செல்லத்துரை அண்ணை. தலை முழுக்க நரைத்துவிட்டது, கரைவலையை விட்டு வருஷங்கள் ஆகிவிட்டன, இப்போது கரையில் இருந்து மற்றவர்களுக்கு வலை பொத்திக் கொடுக்கிறார். தோய்த்த சேர்ட், திருநீறு, எல்லாம் அப்படியே. என்னைக் கண்டு கையைத் தூக்கிச் சிரித்தார். அவருடைய முறை வந்ததும் கதிரையில் சாய்ந்து, கால் இரண்டையும் தரையில் ஊன்றி, கையை மெஷினுக்குள் விட்டார். பிறகு அதைப் பார்த்து, சத்தமாக, "போட்டுக்கொண்டுதான் வந்தனான்" என்றார்.

சின்ன டொக்டர்மார் சிரித்தார்கள். மெஷின் உறுமிக்கொண்டு வேலையைத் தொடங்கியது.

அவருக்குப் பின்னால் மூதூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, நாற்பது வயதிருக்கும், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவள் சிரிக்கவில்லை. கொஞ்சம் முன்னுக்கு வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், செல்லத்துரை அண்ணையிடம் கேட்டாள்.

"ஏன் அப்பா, போட்டுக்கொண்டு வரலாமா?"

நஸ்ரினுக்கு அது கேட்டுவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள். அவள் உள்ளே போய் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து, மெஷினுக்குப் பக்கத்தில் போட்டு, வருகிறவர்களிடம் அந்த முதல் கேள்வியைக் கேட்கத் தானே அதில் இருந்தாள்.